மூன்று விரல் ப்ளே

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அதற்குப் பிறகு இந்த மலையில் செய்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழவந்தி நாட்டில் எங்கள் ஊருக்கு முதல் ஜீப் கொண்டுவந்தவன் நான். ஜீப் வந்தது, அது ஊருக்குள் வரப் பாதை இல்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் பாறை பெயர்த்து, வீட்டு வாசல் வரை பாதை போட்டேன். கூடை கூடையாக மண் சுமந்தவளை விட்டுவிட்டீர்களே என்று என் மனைவி பக்கத்திலிருந்து கேட்கிறாள். சரி, ஒன்றரை ஆளாகப் போட்டோம். மிளகு காயவைக்கச் சிமெண்டுக் களம் போட்டேன். மண்ணில் காயாத மிளகா என்று சிரித்தவர்கள் அடுத்த பருவத்தில் சாக்கோடு என் களத்தில் வந்து நின்றார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் செங்கல்லை ஜீப்பில் ஏற்றி மாடி வைத்து வீடு கட்டினேன். ஒரே மகளை இன்ஜினியரிங் படிக்கவைத்தேன். இவை எல்லாம் ஊரறிந்த விஷயங்கள். யாரும் மறுக்க முடியாது.

மறுக்கிறவர்கள் இருக்கிற ஒரு விஷயம் மிச்சம் உண்டு. டிவியில் துப்பாக்கியோடு நடந்து நடந்து சுடுகிற விளையாட்டு ஒன்று வந்திருக்கிறது. ஆடுகிறவர் கையில் ஒரு குச்சி இருக்கும். குச்சியைத் திருப்பினால் விளையாட்டுக்குள் அவரும் திரும்புவார். அந்தத் திருப்பம் நான் போட்டது.

விளையாட்டு முழுதும் முடிந்தால், வேலை செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறும். நான் உட்கார்ந்து பார்த்தேன். படம் வரைந்தவர் பெயர், சத்தம் சேர்த்தவர் பெயர், அலுவலகத்தில் டீ கொண்டுவந்து கொடுத்தவர் பெயர், யாரோ வீட்டுப் பூனையின் பெயர் எல்லாம் ஏறின. பூனைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். என் பெயர் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதுகிறேன் என்றால், நான் மலையில் உட்கார்ந்து போனில் பேசி அனுப்புகிறேன், கோயம்புத்தூரில் மகள் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றுகிறாள். மாற்றட்டும். விஷயத்தை மட்டும் மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் தட்டுகிற அறைக்கு அடுத்த அறையில்தான் மாப்பிள்ளை இருப்பார். காதில் விழுந்தால் விழட்டும்.

மாப்பிள்ளை சமவெளிக்காரர். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளைவு ஆகாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அவர்கள் குடும்பத்தை என் ஜீப்பில்தான் ஏற்றிவந்தேன். வளைவுக்கு வளைவு நம்பர் பலகை உண்டு. முப்பத்து நான்காவது பலகைக்குக் கீழே இறங்கி, வெள்ளைச் சட்டையோடு குனிந்து வாந்தி எடுத்தார். அவருடைய அம்மா முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார். நான் எதையும் பார்க்காதவன் போல ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, “மாப்ளை எப்படீங்க?” என்று காதோடு கேட்டாள். “முப்பத்தி நாலு வரைக்கும் தாங்குனாரு” என்றேன்.

அவர் வேலை, விளையாட்டு செய்வது. கல்யாணத்துக்கு முன்பு இதைக் கேட்டபோது விளையாட்டுச் சாமான் கடை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

கொரோனா வந்த வருஷம் அலுவலகத்தை மூடி, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். கோயம்புத்தூரில் ஒரு படுக்கையறை வீட்டில் இரண்டு பேரும் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு முட்டிக்கொள்வதாக மகள் அழாத குறையாகச் சொன்னாள். “மாடி சும்மாதான் கெடக்குது, கெளம்பி வாங்க கண்ணு” என்றேன். வந்தார்கள். காரின் பின்சீட்டில் போர்வை சுற்றிய பெரிய டிவி. ஓட்டியது மகள். பக்கத்தில் மாப்பிள்ளை, மடியில் பிளாஸ்டிக் பையோடு.

ஏழு மாதம் இருந்தார்கள். என் ஆயுளில் நல்ல மாதங்கள் எவை என்று கேட்டால், ஜீப் வாங்கிய மாதத்துக்கு அடுத்தபடி அந்த ஏழையும் சொல்வேன். காலையில் மாப்பிள்ளை சிக்னல் தேடி மொட்டைமாடி மூலையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். மகள் கீழே மிளகு மூட்டைமேல் கம்ப்யூட்டரை வைத்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பாள். மதியம் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். மகள் கல்லூரிக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் நாலு தட்டு ஒன்றாக விழுந்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் நான் ஜீப் ஓட்டுவதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம், வண்டிக்கு வயசாகிவிட்டது என்றேன். ஜீப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வந்த மூன்றாவது வாரம் மாப்பிள்ளை சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். மகள்தான் சொன்னாள். இரண்டு வருஷமாக அவர் அந்தக் குச்சி வைத்து ஆடுகிற விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறார். பழைய கோட்டை ஒன்றுக்குள் காவல்காரன் அறை அறையாகப் போய்த் திருடர்களைத் தேட வேண்டும். நாம்தான் காவல்காரன். டிவியில் நம் முகம் தெரியாது, முன்னால் நீட்டிய துப்பாக்கி மட்டும் தெரியும். டார்ச் லைட் பிடிப்பது போலக் குச்சியை டிவி பக்கம் நீட்டினால் அது காட்டுகிற பக்கம் துப்பாக்கி போகும். எல்லாம் சரி. ஆனால் ஆடிப்பார்த்தவர்களுக்குப் பத்தே நிமிஷத்தில் தலை சுற்றுகிறதாம். ஒருவர் வாந்தியே எடுத்துவிட்டாராம். மாத முடிவுக்குள் திருப்பத்தைச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லா விளையாட்டையும் போலப் பட்டன் வைத்துவிடலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

“வாந்தி எடுக்கறது ஆரு?” என்று கேட்டேன்.

“ஆடறவங்கதானுங் மாமா.”

“அது எப்படிங்க மாப்ளே? ஜீப்புல பின்னால உக்காந்திருக்கறவன் வாந்தி எடுப்பான். ஓட்டறவன் எடுத்து எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?”

நாற்பது வருஷம் எழுபது வளைவில் ஆள் ஏற்றி இறக்கியவன் நான். வாந்தியில் எனக்குத் தெரியாதது இல்லை. ஓட்டுகிறவனுக்கு ஏன் வராது என்றால், வண்டி திரும்பும் முன்னால் அவன் கண் திரும்பிவிடும். கண் போன இடத்துக்குப் பின்னாலேயே வண்டி வரும். பின்னால் இருப்பவனுக்கு வண்டி முதலில் போகும், கண் பிறகு தடுமாறிக்கொண்டு வரும். உங்கள் விளையாட்டில் ஓட்டுகிறவனையே கொண்டுபோய்ப் பின்சீட்டில் உட்காரவைத்திருக்கிறீர்கள் என்றேன். மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார். தட்டை நகர்த்திவிட்டுக் குச்சியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

என் முதல் ஆட்டத்தைப் பற்றி மகள் இன்றைக்கும் சிரிக்கிறாள். தட்டச்சு செய்யும்போதும் சிரித்திருப்பாள். கோட்டைக்குள் நடந்துபோனேன். முதல் மூலை வந்தது. கட்டை விரலுக்குக் கீழே ஒரு பட்டன் இருந்தது, அழுத்தினேன். டமார் என்று துப்பாக்கி வெடித்தது. இரண்டாவது மூலை, மறுபடி அழுத்தினேன். மறுபடி டமார். மூன்றாவது மூலைக்குள் திரும்பினால் ஆறு திருடர்கள் வரிசையாக எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“மாமா, ஆளே இல்லாத எடத்துல எதுக்குச் சுடறீங்க? சத்தம் கேட்டு எல்லாரும் வந்துட்டாங்க பாருங்க!”

“நான் எங்க சுட்டேன்? ஹாரன் அடிச்சேன்.”

“ஹாரனா?”

“வளைவு வந்தா ஹாரன் அடிக்காம எப்படித் திரும்பறது? எதுக்க வாரவனுக்குத் தெரிய வேண்டாமா?”

மகள் தரையில் உட்கார்ந்தே விட்டாள். அடுத்த ஆட்டத்தில் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு திருடன் ஏறி வந்தான். நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். அவன் நிதானமாக ஏறிவந்து என்னைச் சுட்டுவிட்டுப் போனான்.

“ஏப்பா சும்மா நின்னீங்க?” என்று மகள் கத்தினாள்.

“ஏறி வார வண்டிக்கு இறங்கற வண்டி வழி உடோணும் சாமி. அதுதான் முறை.”

“அப்பா, அவன் திருடன்!”

“திருடன்னா ஏத்தம் ஏத்தமில்லீன்னு ஆயிருமா?”

இவ்வளவு சிரிப்பிலும் மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடக்கவே இல்லை, சும்மா நின்றுகொண்டிருக்கிறேன், ஆனால் டிவியில் கோட்டைச் சுவர், தூண், கூரை எல்லாம் நடுநடுங்கிக்கொண்டிருந்தன. பூகம்பம் வந்த மாதிரி. பிறகு என் கையைப் பார்த்தார்.

“குச்சி சரியில்லீங்க மாப்ளே, ஆடுது” என்றேன்.

சமையற்கட்டு வாசலில் நின்ற என் மனைவி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “ஏனுங்க, குச்சி எங்க ஆடுது? கைதான் ஆடுது. டீ டம்ளரு கிலுகிலுங்கறது எனக்கு மட்டுந்தான் கேக்குதா?” என்றாள்.

குச்சியை மேசைமேல் வைத்துவிட்டுக் களத்துக்குப் போய்விட்டேன்.

இதை இங்கே சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஜீப்பை நிறுத்தியது வண்டிக்கு வயசானதால் இல்லை. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு காலையில் கியர் போடப் போன கை, கியர்க் கம்பியைத் தொடாமல் பக்கத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரம் கட்டி, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். சாவியை அரிசி டின்னுக்குள் போட்டேன். யாரும் சொல்லி நான் நிறுத்தவில்லை. நானாக ஆரம்பித்தேன், நானாக நிறுத்தினேன்.

களத்தில் நின்றுகொண்டிருந்த என்னிடம் மாப்பிள்ளை வந்தார். சமாதானம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கேட்டது வேறு.

“ஏனுங் மாமா, கை இப்பிடி இருக்கறப்போ நீங்க ஜீப்பு ஓட்டிருக்கீங்கல்ல? ஒரு நாள்ல வாரதில்லீங்களே இது. கொஞ்சம் கொஞ்சமாத்தானே வந்திருக்கும். அப்போ ஜீப்பு ஆடலீங்களா?”

ஆடவில்லை. அதை அந்த நிமிஷம் வரைக்கும் நான் யோசித்ததே இல்லை. கை எத்தனையோ நாள் ஆடியிருக்கும், ஜீப் ஒரு நாளும் ஆடவில்லை.

“வாங்க, காட்டறேன்” என்று கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேருமாகத் தார்ப்பாயை இழுத்தோம். உள்ளே சீட்டில் கோழி ஒன்று அடை கிடந்தது. அதை விரட்டாமல் மாப்பிள்ளையை ஓட்டுகிற பக்கம் ஒண்டி உட்காரச் சொன்னேன். எஞ்சின் போடவில்லை.

ஸ்டியரிங் ப்ளே என்றால் டிரைவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் அசைத்தால் சக்கரம் அசையாது. சும்மா அசைகிற அந்தத் தூரத்துக்குப் பெயர் ப்ளே. அதைத் தாண்டித் திருப்பினால்தான் சக்கரம் பிடிக்கும். புது வண்டியில் அது இருப்பதே தெரியாது. என் ஜீப்பில் மூன்று விரல் அகலம் இருந்தது. குறைத்துத் தருகிறேன் என்று மெக்கானிக் எத்தனையோ தடவை கேட்டார், நான் விடவில்லை. எங்கள் ஊர்ப் பாதையில் கல்லுக்குக் கல் வண்டி குதிக்கும், கையும் கூடக் குதிக்கும். கை குதிக்கிற ஒவ்வொரு தடவையும் சக்கரம் திரும்பினால் வண்டி பாதையில் போகாது, காப்பிச் செடிக்குள்தான் போகும்.

மாப்பிள்ளை ஸ்டியரிங்கை அசைத்தார். இறங்கிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி ஏறி அசைத்தார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து ஸ்டியரிங் வளையத்தில் இரண்டு கோடு போட்டார். பிறகு இறங்கி, “நீங்க உக்காருங்க மாமா” என்றார்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்த சீட்டில் உட்கார்ந்தேன். கோழி நகர்ந்துகொண்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கை ஆடியது. அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.

“ஆடறீங்களா மாமா?”

“ஆடிக்கிட்டுத்தான் இருக்கறேன்.”

“இங்க ஒண்ணும் அசையலீங்க.”

அந்த இரண்டு பேனாக் கோட்டுக்குள் என் நடுக்கம் முழுதும் அடங்கிவிட்டது. வண்டிக்கு அது தெரியவே இல்லை. நான் இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அவசரப்படுத்தவில்லை. அதனால்தான் அவரை நல்ல மனிதர் என்று சொன்னேன்.

“உங்க வெளையாட்டுல ப்ளே இல்லீங்க மாப்ளே. அதுதான் கோளாறு” என்றேன்.

அவர் செய்துவைத்திருந்த விளையாட்டில் கண்ணும் துப்பாக்கியும் ஒரே ஆணியில் அடித்த மாதிரி இருந்தன. துப்பாக்கி எப்போதும் டிவியின் நட்டநடுவில் நிற்கும், குச்சி ஒரு நூல் அசைந்தாலும் மொத்தக் கோட்டையும் அசையும். ஆரோக்கியமான கை என்றாலும் குச்சியை அந்தரத்தில் நீட்டிப் பிடித்தால் கொஞ்சமாவது ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டம்தான் தலை சுற்றல். அவர் மாற்றி வைத்தது இப்படி. டிவியின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரம். குச்சி காட்டுகிற இடம் அந்தச் சதுரத்துக்குள் இருக்கும்வரை துப்பாக்கி மட்டும் அங்கே இங்கே போகும், கோட்டை அசையாமல் நிற்கும். நிதானமாகக் குறி வைக்கலாம். சதுரத்தின் விளிம்பைத் தாண்டினால்தான் பார்வை திரும்ப ஆரம்பிக்கும். கொஞ்சம் தாண்டினால் மெதுவாக, நன்றாகத் தாண்டினால் வேகமாக.

இந்த மாதிரிச் சதுரம் உலகத்தில் முன்பே உண்டு, மற்ற விளையாட்டுகளில் வைத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். அவர்கள் அலுவலகத்திலேயே முதலில் சின்னதாக வைத்திருந்து, மந்தமாகத் தெரிகிறது என்று எடுத்துவிட்டார்களாம். இருக்கட்டும். ஜீப்பும்தான் எனக்கு முன்பே உலகத்தில் இருந்தது. எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவன் யார்?

சதுரம் எவ்வளவு பெரிசு என்பதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. பெரிசாக வைத்தால் குறி அழகாக நிற்கும், ஆனால் திரும்புவதற்குள் பின்னால் வருகிறவன் சுட்டுவிடுவான். சின்னதாக வைத்தால் சட்டென்று திரும்பும், கூடவே கோட்டையும் ஆடும். டிவிமேல் நூல் ஒட்டி, சதுரத்தின் நாலு ஓரத்தையும் தினம் தினம் நகர்த்தினோம். மகள் மத்தியஸ்தம். என் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே, “பின்னால! பின்னால வாரான் பாருங்க!” என்று கத்துவாள். விளையாட்டென்றால் என்னவென்று தெரியாத பெண். என் தோளுக்கு மேலே திருடன் நிற்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

பின்னால் வருகிறவன்தான் அடுத்த தொல்லை. அவனைப் பார்க்க முழுசாகத் திரும்ப வேண்டும். குச்சியைத் திருப்பிக்கொண்டே போனால் கை டிவியை விட்டு வெளியே போய்விடும். குச்சி டிவியைக் காட்டாவிட்டால் விளையாட்டுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. ஒருநாள் நான் அப்படித் திரும்பித் திரும்பி, நாற்காலியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். ரசச் சட்டி போனது வேறு கதை.

அப்போது மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டேன். “கொண்டை ஊசியில ஸ்டியரிங்க ஒரே கையில ஒரே இழுப்பா இழுக்க முடியுமுங்களா?”

“முடியாதுங்களா?”

“முப்பத்தி நாலாவது வளைவுல நீங்க என்ற கையப் பாக்கற நெலமையில இல்லீங்க. அதனால தெரியாது.”

“அதை உடவே மாட்டீங்களா மாமா?”

மகள் முறைத்தாள், நான் விஷயத்துக்கு வந்தேன். கொண்டை ஊசியில் இழுத்த கையை விட்டு, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி பிடித்து இழுக்க வேண்டும். விட்ட கை திரும்பி வரும்போது வண்டி திரும்பி வராது, போட்ட வளைவிலேயே நிற்கும். உங்கள் குச்சியில் கையை விடுவதற்கு வழி இல்லை. சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து, விட்டு, பிடித்துக் காட்டினேன். மாப்பிள்ளை எழுந்து, கைகூடக் கழுவாமல் மாடிக்கு ஓடினார்.

மறுநாள் குச்சியின் அடிப்பக்கம் ஆள்காட்டி விரலுக்கு ஒரு வேலை வந்திருந்தது. அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டால் பார்வை அப்படியே நிற்கும். கையை நடுவுக்குக் கொண்டுவரலாம். விட்டால் மறுபடி திரும்பலாம். இரண்டு இழுப்பில் பின்பக்கம் வந்துவிடும். நான் திரும்பினேன். திருடன் நின்றான். ஹாரன் அடிக்காமல் சுட்டேன்.

அன்றைக்கு மாப்பிள்ளை உட்கார்ந்து தொடர்ந்து ஒரு மணி நேரம் ஆடினார். நாங்கள் மூன்று பேரும் டிவியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி முன்யோசனையாக ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றாள். பை தேவைப்படவில்லை. மாத முடிவில் மேலதிகாரி வீட்டிலிருந்து ஆடிப்பார்த்துவிட்டு, குச்சி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மொட்டைமாடியிலிருந்து கத்தினார். குடையைக் காற்றில் விட்டுவிட்டார். அது பலாமரத்தில் சிக்கியது, இன்னும் அங்கேதான் கம்பியாகத் தொங்குகிறது. நான் எடுக்கச் சொல்லவில்லை.

பிறகு அலுவலகம் திறந்தது. டிவியைப் போர்வையில் சுற்றினார்கள். நான்தான் முன்னால் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு காரவள்ளி வரை போனேன். மாப்பிள்ளையே ஓட்டினார். எழுபது வளைவிலும் ஹாரன் அடித்தார், வாந்தி எடுக்கவில்லை. அடிவாரத்தில் இறங்கி, மேலே வருகிற பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன், ஆனால் எந்த வளைவையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அன்று இரண்டு தட்டுதான் விழுந்தது. டிவி இருந்த சுவரில் சதுரமாக ஓர் இடம் மட்டும் புகை படியாமல் வெளுப்பாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த இரண்டு பொங்கலுக்கும் வெள்ளை அடித்தோம், அந்த இடத்தை மட்டும் நான் அடிக்கவிடவில்லை.

விளையாட்டு வெளியே வருவதற்கு முன்பு மாப்பிள்ளை போன் செய்தார். கடைசியில் ஏறுகிற பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தது.

“மாமா, உங்களையும் போடறோமுங்க. ஆபீசுல எழுதியாச்சு.”

“என்னன்னு எழுதிருக்கீங்க?”

“‘ஆலோசனை தந்த, கை நடுக்கம் உள்ள முதியவர்’னு. அதாவதுங் மாமா, கை நடுங்கறவங்களுக்கும் இந்த வெளையாட்டு ஆகும்னு சொல்றதுக்காக...”

நான் அவரை முடிக்கவிடவில்லை. “நாப்பது வருசம் வண்டி ஓட்டுனவன நோயாளின்னு போடறீங்களா? அப்படி ஒரு பேரு எனக்கு வேண்டாமுங்க. எடுத்துருங்க” என்று போனை வைத்தேன். அவர் எடுத்துவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்கிற மாப்பிள்ளை.

அதனால்தான் பூனை பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. தப்பு யார் பேரில் என்று கேட்டால் பாதி என் பேரில்தான். இதை மகள் தட்டச்சு செய்யும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். நான் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

ஆனால் அன்றைக்குப் பிறகு கொட்டகைக்கு அடிக்கடி போகிறேன். சும்மா உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வருவேன். பேனாக் கோடு இரண்டும் லேசாக இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து யோசித்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை இரண்டு வருஷம் தன் கையால் ஆடி ஆடிப் பார்த்தும் கோளாறு தெரியவில்லை. என் கையில் குச்சியைக் கொடுத்த நாளில் கோட்டை ஆடியது, தெரிந்துவிட்டது. ப்ளே எவ்வளவு வேண்டும் என்பதையும் என் கைதான் அளந்து கொடுத்தது. ஆடாத கை அளந்திருந்தால் ஒரு விரலோடு நின்றிருக்கும். அப்படியென்றால் அந்த வேலையில் நடுக்கத்துக்கும் பங்கு உண்டு. அதை இனிமேல் நான் மறைக்கப்போவதில்லை. இதையெல்லாம் நானே பேனா பிடித்து எழுதாமல் போனில் பேசி அனுப்புவதற்கும் காரணம் மூன்றாம் வகுப்பு மட்டும் இல்லை.

வெளிவந்த விளையாட்டையும் மாற்றலாம், அப்டேட் என்று ஒன்று அனுப்பினால் போதும் என்று மகள் சொன்னாள். ஆகவே மாப்பிள்ளைக்கும் அவருடைய அலுவலகத்துக்கும் சொல்கிறேன். அடுத்த அப்டேட்டில் என்னைப் போட வேண்டும். நன்றி சொல்கிற இடத்தில், பூனைக்குப் பக்கத்தில் வேண்டாம். வேலை செய்தவர்கள் இருக்கிற இடத்தில் போடுங்கள். திருப்பம் என்று தலைப்பு எழுதுங்கள். அதற்குக் கீழே முதலில் உங்கள் பெயர், நீங்கள் ராத்திரி பகலாக உழைத்தவர், அதை நான் மறுக்க மாட்டேன். உங்கள் பெயருக்கு அடுத்து என் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஜீப் டிரைவர், வாழவந்தி நாடு. அதற்குப் பிறகு, கை நடுங்கும் என்பதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டிரைவர் என்பது முன்னால் வர வேண்டும், நடுக்கம் பின்னால்தான் வந்தது. எழுத்து, டீ கொடுத்தவருக்குப் போட்ட அளவுக்குக் குறையக்கூடாது. பெயர்களை இப்போது ஓட்டுகிற வேகத்தில் ஓட்டாதீர்கள். உங்கள் மாமியார் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். என் பெயர் கீழேயிருந்து ஏறி வரும்போது அவள் படித்து முடிக்கிற வரைக்கும் மற்றதெல்லாம் ஓரமாக ஒதுங்கி வழி விட வேண்டும்.